பதம் பிரித்த முழக்கம்

உட்காருங்கள் அம்மையீர். அந்த நாற்காலி வேண்டாம். அதன் நான்கு கால்களில் மூன்றைத்தான் நம்பலாம். இந்த பெஞ்சில் உட்காருங்கள். ‘விசிப்பலகை’ என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். ஆனால் அப்படிச் சொன்னால் மாணவர்கள் எதில் உட்காருவது என்று தெரியாமல் நின்றுகொண்டே இருக்கிறார்கள். தனிப்பயிற்சி நிலையம் நடத்துகிறவன் சில சொற்களை விட்டுக்கொடுத்துத்தான் பிழைக்கவேண்டியிருக்கிறது.

சென்னையிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். உங்கள் ஆய்வுத் தலைப்பைப் படித்தேன். ‘தீவிர வலதுசாரிக் கட்சிகள் தங்கள் கொள்கை, உத்தி, அமைப்பு ஆகியவற்றை மாற்றிக்கொள்ளும் விதம்.’ நல்ல தலைப்பு. ‘ஆகியவற்றை’ என்று சரியாகப் போட்டிருக்கிறீர்கள். இப்போதெல்லாம் முனைவர் பட்டம் வாங்கியவர்களே ‘ஆகியவைகளை’ என்று எழுதிவிட்டு நிமிர்ந்து நடக்கிறார்கள். ஒரே ஒரு பிழை. நாங்கள் வலதுசாரி இல்லை. இடதுசாரியும் இல்லை. இந்தக் கருவலங்காட்டில் பேருந்து நிலையத்துக்கு நேர் எதிரே அலுவலகம் வைத்திருக்கிறோம். நேர்சாரி என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. மாற்றிக்கொண்டோம் என்கிறீர்கள். என்ன மாற்றினோம்? கட்சி தொடங்கிய அன்று நான் எழுதிக் கொடுத்த முழக்கம் ஒன்பது எழுத்து. ‘வந்தேறியே வெளியேறு.’ போய் ரயில் நிலையச் சுவரைப் பாருங்கள். அதே ஒன்பது எழுத்து, அதே தார். ஒரு புள்ளிகூட இடம் மாறவில்லை. இப்படி இன்னொரு கட்சியைக் காட்டுங்கள் பார்ப்போம்! மாறியது பொருள் மட்டும்தான். சொல்லுக்குப் பொருள் மாறுவது மொழியின் இயல்பு. நாற்றம் என்றால் ஒரு காலத்தில் நறுமணம்.

எனக்கு ஆசை என்று பார்த்தால் ஒன்றே ஒன்று. இந்தப் பேரூராட்சியில் ஒன்பதாவது வார்டு உறுப்பினர் ஆகவேண்டும். அமைச்சர் பதவியா கேட்டேன்? வார்டு. ‘ஒன்பதாவது வார்டு வாத்தியாருக்குத்தான்’ என்று தலைவர் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் மற்ற எல்லா வாக்கியங்களையும் நான் எழுதிக்கொடுத்தேன்.

தலைவர் யார் என்று கேட்கிறீர்களா? வாளேந்தியார். ரேஷன் அட்டையில் குப்பணன். பெயர் நான் வைத்தது. பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். அவர் வைத்திருக்கவில்லை, அவர் மனைவி வைத்திருக்கிறார், இவர் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறார். கட்சிக்குப் பெயர் ‘மண்காப்புப் படை’. படை என்றால் முப்பது பேர். எல்லோருக்கும் கரும்பச்சைச் சட்டை. வெளிநாட்டுக்காரன் சாயம் சரியில்லை என்று திருப்பி அனுப்பிய துணி கம்பெனியில் கிடந்தது; அதில் தைத்தோம். வியர்த்தால் பனியனும் பச்சையாகிவிடும். கொள்கை உடம்பில் ஊறிவிட்டது என்று மேடையில் பேசுவதற்கு வசதியாக இருந்தது.

சரி, கொள்கை. முதல் தலைப்பு அதுதானே?

வந்தேறி என்றால் யார்? வரையறை வேண்டாமா? கம்பெனிக் கிடங்கில் துணிப் பொதிகள்மேல் உட்கார்ந்து பேசினோம். மாநிலம் பிரிந்த ஆண்டுக்கு முன்பே இந்த வட்டாரத்தில் குடியிருந்தவன் மண்ணின் மகன், பிறகு வந்தவன் வந்தேறி என்று நான் சொன்னேன். நல்ல கோடு. எல்லோரும் கைதட்டினார்கள்.

கைதட்டி முடித்ததும் தலைவர் காதைச் சொறிந்துகொண்டு, “வாத்தியாரே, எங்கம்மா கொள்ளேகாலமுங்க. கலியாணமாகி அதுக்கப்பறமேலுக்குத்தான் இங்க வந்துச்சு” என்றார்.

எழுதினேன்: மணவழி வருகை, வருகை ஆகாது.

பொருளாளர் மாரப்பன் எழுந்தார். அவருடைய தாத்தா மைசூர்ப் பக்கத்திலிருந்து சந்தைக்கு மாடு ஓட்டிவந்து, விலை படியாமல் கோபித்துக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவர். எப்போது வந்தார் என்று குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. எழுதினேன்: கால்நடையாகவும் கால்நடையோடும் வந்தோருக்கு விலக்கு. அந்தச் சிலேடையை ஒருவரும் ரசிக்கவில்லை.

ரசிக்காததோடு மாரப்பன் என்னைப் பார்த்தே கேட்டார். “அப்ப நீங்க? நீங்க மாயவரத்துக்காரருதானுங்களே?”

நான் நாலு வயதில் இங்கே வந்தவன் அம்மையீர். என் தகப்பனார் மின்வாரியத்தில் வேலை பார்த்தார். மாற்றல் உத்தரவில் இந்த ஊருக்கு வந்தார். இதை வருகை என்று சொல்பவனுக்கு இலக்கணம் தெரியாது. அவர் வரவில்லை, அனுப்பப்பட்டார். செயப்பாட்டுவினை. வந்தவன் வேறு, வரவழைக்கப்பட்டவன் வேறு. அதை விளக்கி எழுதினேன், மாரப்பனுக்குப் புரியவில்லை, ஆகவே ஒப்புக்கொண்டார்.

இப்படி முப்பது பேருக்கும் ஒவ்வொரு விலக்காக எழுதி முடித்தபிறகு, விலக்கு கிடைக்காமல் மிச்சம் இருந்தவன் எவனோ அவனே வந்தேறி. அறிவியல்பூர்வமான வரையறை. எங்களைப்போல் உட்கார்ந்து யோசித்து வரையறுத்த கட்சி வேறு இருக்காது. மற்றவர்கள் முகத்தைப் பார்த்தே முடிவு செய்துவிடுகிறார்கள்.

இனி உத்தி. அதுவும் வேதனைதான்.

முதல் ஊர்வலம் ரயில் நிலையத்துக்கு. வடக்கேயிருந்து வேலைக்கு ஆள் இறங்கும் வண்டி வரும் நேரம். நான் முன்னால் நின்று ‘வந்தேறியே!’ என்று குரல் கொடுத்தேன். பின்னால் முப்பது தொண்டையும் சேர்ந்து, “வெளியேறுங்க!” என்றன.

இந்த ஊர் நாக்கு அப்படி. நாயைத் துரத்தினால்கூட மரியாதைப் பன்மையில் துரத்துவார்கள். ஊர்வலத்தை நிறுத்தி, முழக்கத்தில் ‘ங்க’ வரக்கூடாது, ‘வெளியேறு’ என்பது ஏவல் ஒருமை என்று பாடம் நடத்தினேன். மாரப்பன் வருத்தப்பட்டார். “ஏனுங் வாத்தியாரே, ஒருத்தரை ஊரை விட்டுப் போவச் சொல்றம். அதை மருவாதியில்லாம எப்படிங்க சொல்றது?”

வண்டி வந்தது. இறங்கியவர்கள் தூக்கக் கலக்கத்தில் இருந்தார்கள். முப்பது பேர் ஒரே சட்டையில் நின்று, வாசல் பக்கம் கையை நீட்டி நீட்டி, “வெளியேறுங்க! வெளியேறுங்க!” என்கிறோம். அவர்களுக்கு வழி காட்டுகிறோம் என்று தோன்றியிருக்கிறது. வரிசையாக எங்களைக் கும்பிட்டுவிட்டு வாசல் வழியாக வெளியேறிப் போனார்கள். அவ்வளவு ஒழுங்காக நிறைவேறிய கோரிக்கை கட்சி வரலாற்றில் வேறில்லை. கும்பிட்டவர்களில் ஒருவன் திரும்பி வந்து என்னிடம் ஏதோ விசாரித்தான். ஒடிசாக்காரன், ரஞ்சன் பெஹெரா. அப்போது பெயர் தெரியாது.

வாசலுக்கு வெளியே தலைவரின் கம்பெனி வேன் நின்றது. இறங்கியவர்கள் அதில் ஏறினார்கள். நான் தலைவரைப் பார்த்தேன். அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்தார்.

“அது கம்பெனி வாத்தியாரே. இது கொள்கை. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கக் கூடாது.”

குழப்பிக்கொள்ளவில்லை. எனக்கு வார்டு இருக்கிறது.

பிறகு முதல் தேர்தல் வந்தது. தலைவரே பேரூராட்சித் தலைவர் பதவிக்கு நின்றார். வாங்கிய ஓட்டை நான் சொல்லமாட்டேன். கட்சிக்காரர்களின் வீட்டில் இருக்கும் ஓட்டைக் கூட்டினாலே அதைவிட அதிகம் வரும் என்பதை மட்டும் சொல்கிறேன். ஒன்பதாவது வார்டில் வேட்புமனு கொடுக்கப் போன என்னை, இந்தத் தடவை கட்சி பேரூராட்சித் தலைவர் பதவியில் மட்டும் கவனம் செலுத்துகிறது, அடுத்த தடவை உங்களுக்குத்தான் என்று தடுத்துவிட்டார்கள். தடுத்தது நல்லதாகப் போயிற்று என்று பிறகு எல்லோரும் என்னிடம் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

தோற்ற பிறகு தலைவர் வாக்காளர் பட்டியலைக் கையில் எடுத்தார். அதற்கு முன் எடுத்ததில்லை. இங்கே குடும்பத்தோடு தங்கிவிட்ட வெளிமாநிலத்துக்காரர்கள் பேரைச் சேர்த்திருக்கிறார்கள். ஒன்பதாவது வார்டில் பாதி ஓட்டு அவர்களுடையது. தலைவர் என்னை அழைத்தார்.

“வாத்தியாரே, அந்தச் செவுத்துல இருக்கறதையெல்லாம் அழிச்சுப்போடோணும்.”

தாரில் எழுதியதை எப்படி அழிப்பது? சுண்ணாம்பு அடித்தால் ஒரு மழைக்குத் தாங்காது, மறுபடியும் தெரியும். முன்னைவிடப் பெரிதாகத் தெரியும். அதுவும் போகட்டும். அது என் ஒன்பது எழுத்து. பெற்றவனுக்குத்தான் தெரியும். வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை. பிசைந்துகொண்டே இருந்தேன். அப்போது பளிச்சென்று பட்டது.

அம்மையீர், நீங்கள் புணர்ச்சி விதி படித்திருப்பீர்கள். ‘வந்து’ என்ற சொல்லுக்குப் பின்னால் உயிரெழுத்து வந்தால் கடைசி உகரம் என்ன ஆகும்? ஓடிவிடும். வந்து, ஏறியே, சேர்த்தால் வந்தேறியே! ‘வெளி’க்குப் பின்னால் ‘ஏறு’ வந்தால் நடுவில் ஒரு யகரம் வந்து நிற்கும். வெளி, ஏறு, சேர்த்தால் வெளியேறு! வெளி என்றால் வானம். ஆக, அந்தச் சுவரில் இத்தனை காலமும் என்ன எழுதியிருக்கிறது? ‘வந்து, ஏறியே, வெளி ஏறு.’ வா, மேலே ஏறு, வானத்துக்கு உயர். இளைஞர்களைக் கட்சிக்கு அழைக்கும் முழக்கம்! வேறொன்றும் இல்லை.

சொன்னதும் தலைவர் வாயைப் பிளந்துவிட்டார்.

“அப்படியும் படிக்கலாமுங்களா?”

“அப்படித்தான் படிக்கவேண்டும். இதுவரை எல்லோரும் தவறாகப் படித்திருக்கிறார்கள்.”

“நம்மளுமா?”

“நம்மையும் சேர்த்துத்தான்.”

அன்று அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஒன்பதாவது வார்டு உங்களுக்குத்தான் என்று மறுபடியும் சொன்னார். கேட்காமலே சொன்னார், எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு காற்புள்ளி போட்டுக் காட்டியதற்கு மேல் கட்சிக்கு எந்தச் செலவும் இல்லை. மேடையில் பேசுகிறவர்கள் இரண்டு இடத்தில் மூச்சு விட்டால் போதும். மாரப்பனுக்கு மட்டும் அது கடைசிவரை வசப்படவில்லை. மூச்சை முன்னாலோ பின்னாலோ விட்டுப் பழைய பொருளைக் கொண்டுவந்துவிடுவார். அவரை மேடையில் ஏற்றுவதை நிறுத்தினோம்.

நடுவில் வந்து நிற்கும் அந்த யகரத்துக்கு என்ன பெயர், நினைவிருக்கிறதா? உடம்படுமெய். இரண்டு உயிர் ஒட்டாமல் முறைத்துக்கொண்டு நிற்கும்போது இடையில் ஒரு மெய்யெழுத்து புகுந்து இரண்டையும் உடன்படவைக்கும். அதற்குச் சொந்தமாகப் பொருள் கிடையாது. கூட்டணி என்றால் என்ன என்று உங்கள் பேராசிரியர்கள் புத்தகம் புத்தகமாக எழுதுகிறார்கள். நான் ஓர் எழுத்தில் முடித்துவிட்டேன்.

அதன்பிறகு ‘வந்தேறி’ என்ற சொல்லைத் தனியாகப் பயன்படுத்துவதில்லை என்று முடிவாயிற்று. மாற்றுச் சொல் வேண்டும். ‘வருகையாளர்’ என்றேன் நான். தலைவர், “ஒறம்பரைன்னு சொல்லீரலாமே!” என்றார். ஒறம்பரை என்றால் இந்த வட்டாரத்தில் விருந்தாளி, உறவுக்காரர். கொச்சை. உறவின்முறை என்பது சிதைந்து வந்திருக்கலாம், ஆராயவேண்டும். ஆனால் தலைவருக்குப் பிடித்துவிட்டது. முந்தின வருடம்வரை ‘ரயில் ஏறிப் போ’ என்று தண்டவாளத்தைக் காட்டியவர்கள், அந்த வருடம் அதே ரயில் நிலையத்தில் நீர்மோர்ப் பந்தல் போட்டு, “வாங்க ஒறம்பரை, ஒரு டம்ளர் குடிங்க” என்றார்கள். மோரை நீட்டிய கையில் பச்சைச் சட்டை இல்லை. வெள்ளைச் சட்டை.

படை என்ற பெயரும் போயிற்று. பேரவை ஆக்கினோம். பேரவையும் கொஞ்சம் மிரட்டுகிறது என்று தலைவரின் மருமகன் சொன்னான். ‘மண்காப்புக் குடும்பம்’ ஆக்கினோம். தளபதி எல்லாம் ஒருங்கிணைப்பாளர் ஆனார்கள். எனக்கு அது ஒன்றும் நட்டமில்லை. நான் படையிலும் கொள்கை விளக்கச் செயலாளர், குடும்பத்திலும் கொள்கை விளக்கச் செயலாளர். குடும்பத்துக்கு எதற்குக் கொள்கை விளக்கம் என்று மருமகன் கேட்டான். குடும்பம் நடத்தியவனாக இருந்தால் கேட்டிருக்கமாட்டான்.

இது உங்கள் மூன்றாவது தலைப்பு, அமைப்பு. இங்கேதான் எனக்கு வினை வந்தது.

முன்பெல்லாம் உறுப்பினர் ஆவது எளிதில்லை. விலக்கு விதிகளை நான் வாய்மொழியாகக் கேட்பேன், சொல்லவேண்டும். மருமகன் அதை எடுத்துவிட்டு, போனில் மிஸ்டு கால் கொடுத்தால் உறுப்பினர் என்று வைத்தான். ‘தவறிய அழைப்பு’ என்று நோட்டீசில் போடச் சொன்னேன், போட்டார்கள். இப்போது யோசித்தால், பெயர் பொருத்தமாகத்தான் அமைந்துவிட்டது.

அந்த ரஞ்சன் பெஹெரா இதற்குள் தலைவரின் கம்பெனியிலேயே ஆள் கூட்டிவரும் காண்ட்ராக்டர் ஆகியிருந்தான். ஆகியிருந்தார். பொண்டாட்டி... மனைவி, ஒரு பெண், ஒன்பதாவது வார்டில் சொந்தமாக ஒரு வீடு. அந்தப் புள்ளை... அந்தப் பிள்ளை என்னிடம்தான் தமிழ் இரண்டாம் தாளுக்குப் படிக்கிறாள். ஒற்றுப்பிழை விடமாட்டாள். ரஞ்சன் ஒருநாள் தன் கொட்டகையில் இருந்த அத்தனை பேரையும் போனை எடுக்கச் சொல்லி, ஒரே மூச்சில் தவறிய அழைப்பு கொடுக்கவைத்துவிட்டார். ஏன் சேர்ந்தீர்கள் என்று நானே போய்க் கேட்டேன்.

“செவுத்துல கூப்புட்டிருக்குதுங்களே வாத்தியாருங்க. வந்து, ஏறியேன்னு.”

என் இலக்கணத்தை இந்த ஊரில் முழுமையாகப் புரிந்துகொண்ட ஒரே மனிதர்.

ஒன்பதாவது வார்டுக் கிளையில் இப்போது பழைய உறுப்பினர் நான்கு பேர். மற்றவர்களெல்லாம் ரஞ்சன் ஆள். எனக்குப் பயம் இல்லை. ஆனால் கட்சிக்கு வேறொரு சிக்கல் வந்தது. வந்தேறியெல்லாம் ஒறம்பரை ஆகிவிட்டால், வெளியேறச் சொல்ல யார் இருக்கிறார்கள்? கூட்டத்தில் பேச்சாளர்கள் எழுந்து நின்று தொண்டையைக் கனைத்துவிட்டு, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் சாலை வசதி பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். கூட்டம் கலைந்துபோனது. கட்சியே படுத்துவிடும் நிலை.

காப்பாற்றியது ரஞ்சன். செயற்குழுவில் எழுந்து சொன்னார்: “இப்பப் புதுசா வர்றானுங்க பாருங்கண்ணா, அவனுங்க பாதிக் கூலிக்கு ஒத்துக்கறானுங்க. நாங்க வந்தப்ப எப்புடி இருந்தம்? ஒரு ஒழுக்கம் இருந்துச்சு. இவனுங்க ராத்திரியெல்லாம் பாட்டுப் போடறானுங்க. இந்த ஊரு என்னத்துக்காவறது?”

தலைவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பழைய சூடு! முப்பது பேரில் ஒருவருக்கும் வராத சூடு. அடுத்த வண்டிக்கே ஊர்வலம் போனார்கள். காற்புள்ளிகளை எடுத்துவிட்டு, மூச்சு விடாமல், ரஞ்சன் முன்னால் நின்று குரல் கொடுத்தார். நானும் போயிருந்தேன். உச்சரிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ‘வெளியேறுங்க’ என்றுதான் சொன்னார். இந்த ஊரில் தமிழ் கற்றவர் வேறெப்படிச் சொல்வார்?

இனி வேட்பாளர் தேர்வு. போன வாரம் நடந்தது. பொதுக்குழு, அதே கிடங்கில், இப்போது பிளாஸ்டிக் நாற்காலி போட்டு.

ஒன்பதாவது வார்டு என்று படித்ததும் நான் துண்டைச் சரிசெய்துகொண்டு பாதி எழுந்துவிட்டேன். தலைவர் என்னைப் பார்க்காமல் பேசினார்.

“ஒம்பதாவது வார்டுல ஓட்டு பூராவும் வந்தவங்க ஓட்டு. அங்க நம்மூர்க்காரரை நிறுத்துனா செயிக்க முடியாதுங்க. வந்தவங்கள்ல ஒருத்தரைத்தான் நிறுத்தோணும்.”

பாதி எழுந்தவன் என்ன செய்வது? உட்கார்ந்தால் ஆயுசு முழுக்க உட்கார்ந்ததுதான். முழுசாக எழுந்தேன்.

“தலைவரே, அப்படியென்றால் நான்தான் வேட்பாளர். நான் வந்தவன். வந்தேறி.”

அதோடு நான் விடவில்லை. என் தகப்பனார் மாற்றலில் வந்தார் என்பது பின்னாளில் திரித்துச் சொல்லப்பட்டது என்றேன். அவரே எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார், செய்வினை, தன்விருப்பத்தோடு செய்த வினை. நாலு வயதில் ஒரு தகரப் பெட்டிமேல் உட்கார்ந்து இந்த ரயில் நிலையத்தில் நான் அழுதுகொண்டிருந்ததைச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் நான் வாயைத் திறந்தாலே சிரிப்பார்கள், ‘எந்தூர்றா நீயி? உங்கூருக்கே போடா’ என்று பையைப் பிடுங்கி வாய்க்காலில் எறிவார்கள். எறிந்தவன் இதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாரப்பன்தான் என்று கை காட்டினேன். மாரப்பன் தலையைக் குனிந்துகொண்டார். நன்றாகத்தான் பேசினேன் அம்மையீர். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்கவேண்டியிருந்தது. வார்டுக்காகத்தான் அதைச் சொன்னேன், வேறெதற்கும் இல்லை. அதற்கு முன்னால் அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அதனால் கொஞ்சம் குரல் மாறிவிட்டது.

தலைவர் அசைந்துகொடுத்தார். எனக்குத் தெரியும், அசைந்தார். அப்போது ரஞ்சன் எழுந்தார்.

“வாத்தியாரு தப்பாச் சொல்றாருங்க. அவரு இந்தூர்க்காரருதானுங்க.”

உட்காருங்கள் ரஞ்சன் என்றேன். உட்காரவில்லை.

“நானு மொதமொதல்ல ரயிலை விட்டு எறங்குன அன்னிக்கு, கம்பெனிக்கு எப்புடிப் போறதுன்னு ஆருகிட்டக் கேட்டன்? இவருகிட்டத்தானுங்க. கோசம் போட்டுக்கிட்டு இருந்தவரு, நிறுத்திப்போட்டு எனக்கு வழி சொன்னாரு. ‘கெழக்கால போயி, அந்தப் பொளி தாண்டி, அக்கட்டால திரும்பு தம்பி’ன்னாரு. எனக்கு ஒரு எழுத்துப் புரியலீங்க. அப்பறம் என்ற பசங்ககிட்டப் பேசிக்காட்டுவேன், சிரிப்பாங்க. அந்தப் பேச்சை வெளியூர்க்காரரு ஆராலயும் பேச முடியாதுங்க. என்ற பொண்ணுக்குக் காய்ச்சல் வந்தப்பச் சொன்னாரு, ‘நம்மூரு ஆசுபத்திரி போதும், பயப்படாதே’ன்னு. நம்மூருன்னாருங்க! வாத்தியாரைப் போயி வந்தேறின்னு ஆராச்சும் சொன்னா எனக்குக் கோவம் வருமுங்க.”

பொய் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கைதட்டல். மாரப்பன்தான் முதலில் தட்டினார், எழுந்து நின்று தட்டினார். பிறகு கிடங்கு முழுவதும். ‘வாத்தியாரு நம்மாளு! வாத்தியாரு நம்மாளு!’ என்று கத்துகிறார்கள். ஒருவர் என் தோளில் துண்டு போட்டார். இந்த வயதுவரை நான் இந்த ஊர்க்காரன் என்று ஒரு கூட்டம் சேர்ந்து சொல்லிக் கேட்டதில்லை. கேட்ட அன்றைக்கு எனக்கு வார்டு போயிற்று. அதே கைதட்டலில் ரஞ்சனை வேட்பாளராக அறிவித்துவிட்டார்கள். தனியாகத் தட்டக்கூட இல்லை.

ரஞ்சன் நேராக என்னிடம் வந்து காலைத் தொட்டார். நெருங்கிப் பேசினார். “வாத்தியாருங்க, என்ற மேடைப் பேச்சை நீங்கதான் எழுதித் தரோணும்.” எழுதிக்கொண்டிருக்கிறேன். அதோ, அந்த மேசையில் இருப்பதுதான். நல்ல பேச்சு.

ஆனால் இன்னும் முடிந்துவிடவில்லை. இன்று காலையில் தலைவர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: “மனசுல வெச்சுக்காதீங்க வாத்தியாரே. மனுத் தாக்கலுக்கு நாளைக்கு வரைக்கும் டயம் இருக்குது. நீங்க இந்தூரு இல்லைன்னு வெளியாளு, படிச்சவங்க, ஆராச்சும் ஒருத்தரு சொல்லட்டும். நான் ரஞ்சன்கிட்டப் பேசறேன்.”

நீங்கள் வெளியாள். படித்தவர். இவ்வளவு நேரமாக என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் போனில் பதிவும் ஆகியிருக்கிறது. தூய செந்தமிழ். காவிரிக்கரைத் தமிழ். இதில் இந்த ஊர் வாடை ஒரு துளி அடிக்கிறதா? தலைவர் எண் தருகிறேன். ‘இவர் பேச்சு இந்த ஊர்ப் பேச்சில்லை’ என்று ஒரு வாக்கியம், ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

என்ன யோசனை? ஏன் சிரிக்கிறீர்கள்? பையை எடுத்து மாட்டுகிறீர்களே, பேருந்துக்கு நேரமா? அது எங்கே போய்விடப்போகிறது? இருங்கள். அட, இருங்க அம்மணி! ஒரு வாய் காப்பித்தண்ணி குடிச்சுப்போட்டுப் போலாமுங்க. இந்தூரு என்ற நாக்குல எங்கீங்க ஒட்டியிருக்குது? சித்த நின்னு, அந்த ஒண்ணச் சொல்லிப்போட்டுப் போங் அம்மணி!